ஒரு மணி வெடி

கருப்பூரைத் தாண்டி, வெள்ளைக்கல் மேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஆய்வுக்கூடம்.
ஜன்னலை எத்தனை முறை துடைத்தாலும்
மாவு சலித்ததுபோல் ஒரு படலம்.
சேர்வராயன் மலை அதற்குள்ளிருந்துதான் எனக்குத் தெரியும்,
சரியாக அலசாத நீலம்.

என் மேசை காற்றின்மேல் மிதக்கிறது.
லாரி போனால் அதற்குத் தெரியக்கூடாது, யாரும் தும்மக்கூடாது.
முடியைவிட மெலிந்த கண்ணாடிக் குழாய்முனை
எலியின் மூளைச்சீவலில்
ஒரே ஒரு செல்லின் தோலை
உறிஞ்சிப் பிடித்திருக்கும்.
சரியாக ஒரு மணிக்குச் சுரங்கத்தில் வெடி.
பிடி விட்டுப்போகும். திரையில் கோடு கூரையேறிவிடும்.
அரை நாள் போச்சு.

செங்கோடன் பன்னிரண்டே முக்காலுக்கே வந்து
"கையை எடுத்துருங்க மேடம்" என்பார்.
முப்பது வருஷம் அந்தக் குழியில் கல் பிரித்தவர்.
வெடிக்கு முன்னால் தரை மூச்சை இழுத்துக்கொள்ளுமாம்.
என் கருவி எதிலும் அது பதிவானதில்லை.

நான் செய்வது வெளியே சொல்ல அவ்வளவு அழகில்லை.
காலையில் ஓர் எலியைக் கொல்கிறேன்.
மூளையைப் பனிக்குளிர்ந்த உப்புநீரில் இட்டுச் சீவுகிறேன்.
ஒரு மணிநேரம் ஓய்வு கொடுத்தால்
சீவல்கள் பேச ஆரம்பிக்கும்.
ஒரு செல் குளூட்டமேட் உமிழ, எதிர்ச்செல் கதவு திறக்கும்.
அந்தக் கதவின் தொண்டையில் ஒரு மெக்னீசிய அயனி.
பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு
உள்ளேயும் போகாமல், ஏறுகிறவனையும் விடாமல்
ஒருவன் இருப்பானே, அவன்தான்.

கரைசலில் மெக்னீசியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.
பத்து நிமிஷம். இருபது.
முதலில் ஒரு செல் முணுமுணுக்கும். அப்புறம் பக்கத்துச் செல்.
கொண்டலாம்பட்டியில் கரண்ட் வந்ததும்
தெருத் தறியெல்லாம் ஒன்றாய் அடிக்குமே, அப்படி,
ஆனால் ஒரு முழம் துணி விழாமல்.
நோட்டில் வலிப்பு என்று எழுதிக்கொள்கிறேன்.
விழுவதற்கு உடம்பில்லாத வலிப்பு.

ஆடியில் ஒரு புதன்கிழமை செங்கோடன் வரவில்லை.
வெடியில் செல் போனது.
மறுநாள் வந்தவர் சட்டை மாற்றியிருக்கவில்லை.
மகள் கோகிலவாணிக்கு எட்டாம் மாசம்.
கால் வீங்கியிருந்தது. கண்ணில் பூச்சி பறக்குது என்றாளாம்.
பெரியாஸ்பத்திரி வாசலில், ஆட்டோவிலேயே
வெட்டி இழுத்திருக்கிறது.
"கையில சாவி குடுத்தேங்க. நம்ம லேப் சாவிதான்,
கொத்தோட."
உள்ளே நர்ஸ் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
ஊசி போட்டிருக்கிறாள்.
நின்றது.
ஆண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டியில்.

"அதுல என்ன மருந்துங்க?"

மெக்னீசியம் சல்பேட் என்றேன்.
ஜன்னல் தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
இதன் பங்காளி.

வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார்.
"இதத் தின்னுதானே நான் இன்னும் இருமிக்கிட்டிருக்கேன்."

எப்படி நிறுத்துது என்று கேட்டார்.
படிக்கட்டுக்காரனைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.
சீவலில் தெரியும். எலியில் கொஞ்சம் தெரியும்.
அவர் மகளின் தலைக்குள்
அவன் கதவில் நின்றானா, ரத்தக்குழாயைத் தளர்த்தினானா,
வேறென்ன செய்தானோ.
நூறு வருஷமாய்ப் போடுகிற ஊசி,
முழுசாய் இன்னும் யாருக்கும் தெரியாது.

"தெரியாமலா போடுறாங்க?"
"ஆமாம்."
"சாவி மாதிரியா?"

இல்லை என்றேன். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்,
ஆயிரக்கணக்கான தாய்மாரில்
போட்டவர்களில் எத்தனை பேர், போடாதவர்களில் எத்தனை பேர் என்று.
சாவியை யாரும் எண்ணவில்லை.
தலையாட்டினார். நம்பினாரா தெரியாது.
கொத்தை ஆணியில் மாட்டினார்.
குளிர்ப்பெட்டிச் சாவி கொஞ்சம் வளைந்திருந்தது.

பன்னிரண்டே முக்கால்.
"கையை எடுத்துருங்க."
இன்றைக்கு நல்ல செல், பதினெட்டு நிமிஷமாய்ப் பிடியில்.
மெக்னீசியத்தைத் திரும்ப விட்டிருந்தேன்.
கோடு மெல்லத் தணிந்துகொண்டிருந்தது.
நான் எடுக்கவில்லை.